பேதி மாத்திரையும் ஆடிக் கொடையும்

ஜூலை 14, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. முதலுதவி அறையில் சின்ன வெட்டுக்காயம் ஒன்று, தலைவலி ஒன்று, அவ்வளவுதான். நர்ஸ் வேலையில் இதற்குப் பெயர் நல்ல நாள். என் அறையில் ஏ.சி. ஓடுவதில் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பொறாமை. இருக்கட்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆர்டர் அதிகமாம், யாருக்கும் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் பாண்டுரங்கன் சொல்லிவிட்டார். உடம்பு சரியில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால் மட்டும் உண்டு. எனக்குத் திடீரென்று என்ன மவுசு!

ஜூலை 25, வெள்ளி

செல்லக்கனியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பென்னலூர் ஹாஸ்டலில் இருக்கிறாள். காலையிலிருந்து தண்ணீராகப் போகிறதாம். கேன்டீன் சாம்பார்தான் காரணம் என்றாள். அதே சாம்பாரை நானும்தான் சாப்பிட்டேன், எனக்கு ஏப்பம்தான் வந்தது.

"நிக்கிறதுக்கு ஒரு மாத்திரை குடுங்கக்கா" என்றாள் கூட வந்தவள். என்ன காரணமென்று தெரியாமல் கொடுக்கலாமா? உப்புச் சர்க்கரைக் கரைசலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அவளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. நாடி தாறுமாறாக ஓடியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. இது சாம்பார் செய்த வேலையில்லை.

கூட வந்தவளை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். "இன்னா போட்டுக்கினே? திட்ட மாட்டேன்மா. டாக்டருக்குத் தெரிஞ்சாதான் சரியா பாப்பாரு."

அழுதாள். "ஊர்ல அம்மன் கொடைக்கா. வயித்தால போனா லீவு தருவாவன்னு பேதி மாத்திரை போட்டேன். ஒண்ணும் கேக்கல. அதான் மேல மேல போட்டுட்டேன். சொல்லிராதீயக்கா, வேலைய விட்டுத் தூக்கிருவாவ."

"வேற எதுனா எண்ணத்துல போட்டியா?"

"சேச்சே, கொடைக்குப் போணும், அவ்வளவுதான்க்கா."

ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போக உயிரைப் பணயம் வைப்பாளா ஒருத்தி? பைத்தியக்காரப் பெண்ணே... டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மீதி மாத்திரை இருந்த அட்டையை வாங்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் கூடவே போனேன்.

ஜூலை 26, சனி

பொட்டாசியம் குறைந்து போனதால்தான் இதயத் துடிப்பு தடுமாறியதாம். ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏற்றியிருக்கிறார்கள். அட்டையைக் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று, காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை என்றார் டாக்டர். நான் போனபோது இட்லி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாடா!

ஜூலை 28, திங்கள்

"இன்னா ஜோதி, அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்றார் பாண்டுரங்கன். வயிறு கெட்டுவிட்டது என்றேன். பொய்யில்லையே. பிறகு விடவில்லை நான்.

"இதுங்க ஊருக்குப் போவணும்னு கேக்கவே பயப்படுதுங்க சார். முன்னாடியே கேட்டா ஆள் மாத்திக்கலாம். திடீர்னு வுழுந்தா உங்க லைன்தானே நிக்கிது?"

தலையைச் சொறிந்தார். "லைன் ஓடணுமே, ஜோதி." பிறகு அவரே சொன்னார்: "சரி, ஒரு வாரம் முன்னாடி சொல்லச் சொல்லு. முறை வச்சு அனுப்பலாம்."

ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரிடமும் பேசினேன். யார் பெயரையும் எடுக்கவில்லை. கண்ட மாத்திரையைப் போட்டால் இதயத்தையே பிடித்துக்கொள்ளும், போட்டுவிட்டால் மறைக்காமல் உடனே வந்து சொல்லுங்கள் என்றேன். லீவை வாயால் கேளுங்கள், வயிற்றால் கேட்காதீர்கள் என்றதும் ஒரே சிரிப்பு. சிலர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

இன்று கொடை. செல்லக்கனி ஹாஸ்டலில் கஞ்சி குடித்துக்கொண்டே வீடியோ காலில் பார்த்தாளாம். பாவம்.

ஆகஸ்ட் 20, புதன்

மத்தியானம் சுகப்பிரியா வந்தாள். அன்றைக்குச் சிரிக்காதவர்களில் ஒருத்தி. நெற்றியைத் தொட்டேன், நாடி பிடித்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"வயிறா?" என்றேன்.

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன். அடுத்த வாரம் எங்க அக்காவுக்கு வளைகாப்பு. சார்கிட்ட லீவு கேக்கணும், பயமா இருக்கு. கூட வர்றீங்களாக்கா?"

இத்தனை வருடத்தில், உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு என் அறைக்கு வந்த முதல் ஆள். கதவைச் சாத்திவிட்டு அவளோடு நடந்தேன்.