இடப்பக்க இருக்கை

பிப்ரவரி 9

அன்பு விசிலுக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உனக்கு இரண்டு வாக்கியத்துக்கு ஒரு இருமல் வருகிறது, மூன்றாவது வாக்கியத்தில் உன் மகள் போனைப் பிடுங்கிவிடுகிறாள். ஆகவே கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டினேன். சிரிக்காதே, இருமல் வரும்.

மாடி வீட்டுப் பல் டாக்டர் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? வாரநாட்களில் பல் பிடுங்குகிறார், விடுமுறையில் டிராக்கில் புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறார். பந்தயம் எதுவும் கிடையாது, யாரும் ஜெயிப்பதில்லை. அவரவர் காரை அவரவர் கொண்டுபோய், பக்கத்தில் கற்றுத்தருபவரை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்க வேகமாக ஓட்டிப் பழகுவது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரி போன பிறகு நான் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்த்து, "வாங்க சார், முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு, ஒரு தடவை வந்து பாருங்க" என்று இழுத்துப்போனார்.

நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியும். நம் பஸ் வேகத்துக்குப் பூட்டுப் போட்ட பஸ். ஓய்வு பெறும் வரை ஒருநாளாவது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்திருக்கிறேனா? ஞாயிற்றுக்கிழமை மிதித்தேன். வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

வளைவுகள் மனதில் நிற்கவில்லை. அதனால் நம் பதினேழாம் நம்பர் வழித்தட நிறுத்தங்களின் பெயரையே வைத்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் மைக் இருப்பது மறந்து, "ஆஸ்பத்திரி வருது, ஆஸ்பத்திரி வருது" என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் அம்மா பதறிப்போய், "என்ன சார், நெஞ்சு வலிக்குதா?" என்றார்.

இன்னொரு கூத்து. வேலி ஓரம் நின்ற யாரையோ விரட்டுவதற்கு ஒரு காவலாள் விசில் ஊதினான். ஒரே ஒரு விசில். என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. நட்ட நடு டிராக்கில் வண்டியை நிறுத்திவிட்டு, ஆள் இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன். பின்னால் நாலு கார். எல்லாம் கண்டக்டராக நின்று நீ பழக்கிய பழக்கம்.

வேறு தவறு என்றால், இடப்பக்கம் வைத்திருந்த கூம்புகளில் மூன்றைத் தட்டிவிட்டேன். முன்னால் போகிறவர் கை காட்டினால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம் என்பது அங்கே சட்டம். இரண்டு கார் இடப்பக்கம் ஒட்டி வந்தது எனக்குத் தெரியவே இல்லை, டாக்டர் அம்மாதான் கையை நீட்டி அனுப்பிவைத்தார். பழகிவிடும்.

அடுத்த மாதம் வேறு ஊரில் புது டிராக். பெரியது. நீண்ட நேர்சாலையின் முடிவில் ஒரு மேடு இருக்கிறதாம். அதில் ஏறும்போது சாலையே தெரியாதாம், கண்ணாடி முழுக்க வானம் மட்டும்தானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

வேளாவேளைக்கு மருந்து எடுத்துக்கொள்.

உன்
ஸ்டியரிங்


பிப்ரவரி 17

அருமை ஸ்டியரிங்குக்கு,

உன் கடிதத்தை மகள் வாசிக்க நான் கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "ஏம்ப்பா, அந்த மாமாவுக்கு என்ன கிறுக்கா?" என்கிறாள். இல்லையம்மா, ரொம்ப நாள் அடக்கி வைத்தது என்றேன்.

இங்கே என் பிழைப்பு ஜன்னலோரம்தான். மூச்சு மருந்து காலையில் ஒரு பம்ப், மாலையில் ஒரு பம்ப், நடுவில் டிவி. மருமகன் நல்லவன், ஆனால் என்னோடு பேசும்போது காது கேளாதவனிடம் பேசுவதுபோலக் கத்துகிறான். எனக்குக் கெட்டுப்போனது நுரையீரல் என்று எத்தனை முறை சொல்வது? நீ ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். ரேஸுக்குப் போக நேரம் இருக்கிறது, என்னைப் பார்க்க வர நேரம் இல்லையா?

கடிதத்தை மகள் வைத்துவிட்டுப் போன பிறகு நானே எடுத்து இன்னொரு தரம் படித்தேன். ஒன்று நெருடுகிறது. மூன்று கூம்பும் இடப்பக்கமா? இரண்டு காரும் இடப்பக்கமா? சந்தைத் தெருவில் பழக்கூடைக்கும் நம் சக்கரத்துக்கும் நடுவே ஒரு விரல் விட்டுத் திருப்பியவன் நீ. போன முறை நீ வந்தபோது என் மகள் உன் இடப்பக்கம் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள். நீ திரும்பவே இல்லை. மனைவி போன துக்கம் என்று நினைத்து நான்தான் வாங்கி உன் கையில் கொடுத்தேன்.

நம் பஸ்ஸில் இடப்பக்கத்துக்கு நான் இருந்தேன். படியில் நின்று "இடது ஃப்ரீ, போலாம் ரைட்" என்று கத்திக்கொண்டே வருவேன். இப்போது யார் சொல்கிறார்கள் உனக்கு?

டாக்டரைப் போய்ப் பார். பல் டாக்டரை அல்ல.

உன்
விசில்


பிப்ரவரி 24

விசில்,

உன்னிடம் ஒன்றையும் மறைக்க முடிவதில்லை. டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடிப்பாயே, அதே புத்தி.

கண் டாக்டரிடம் காட்டி எட்டு மாதம் ஆகிவிட்டது. வீட்டுக்காரி படுக்கையில் இருந்த காலத்தில் கண் மங்கலாக இருந்தது. அழுததால் என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து போய்க் காட்டியபோது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இடது கண் நரம்பு பழுதாகிவிட்டது, போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார். நேராகப் பார்த்தால் ஓரளவு தெரிகிறது. ஓரம் கிடையாது. வலது கண்ணும் அதே வழியில் கிளம்பிவிட்டது. சொட்டு மருந்து போடுகிறேன். அது மெதுவாக்கும், நிறுத்தாது என்கிறார். வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்.

மகனிடம்கூட நான் சொல்லவில்லை. டாக்டர் அம்மாவுக்கும் தெரியாது. கண் எப்படி என்று டிராக்கில் கேட்டார்கள், கண்ணாடி கூடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும்.

எனக்கு இந்த ஒரு நாள் வேண்டும், விசில். புது டிராக்கின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். எல்லா வளைவுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. அந்த மேட்டுக்கு மட்டும் வைக்கவில்லை, நம் வழித்தடத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. நானே ஓட்டிக்கொண்டு போய் அந்த வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டேன் என்றால், மறுநாளே சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்வேன். இருட்டுக்குள் போகும்போது கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு போக வேண்டாமா?

கோபித்துக்கொள்ளாதே.

ஸ்டியரிங்


மார்ச் 2

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மகள் என்ன என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். பாவி, இத்தனை நாள் தனியாகவா சுமந்தாய்? மனைவியையும் கண்ணையும் ஒரே வருடத்தில் கொடுத்துவிட்டு எனக்குக் கூம்பு தட்டிய கதை எழுதுகிறாயே.

அழுதேன். அது போகட்டும். இப்போது நான் சொல்வதைக் கேள்.

உன் உயிர் மட்டும் என்றால், போடா, உன் ஆசை, உன் வானம் என்று விட்டிருப்பேன். மனசு கேட்காது, ஆனாலும் விட்டிருப்பேன். டாக்டர் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார்? உன் இடப்பக்கம். உனக்குத் தெரியாத பக்கம். சின்னச் சின்னதாக இரண்டு பெண் குழந்தைகள் என்று நீதான் முன்பு எழுதினாய். அம்மா ஞாயிற்றுக்கிழமை யாரோடு போகிறாள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

கடைசி ஆளின் இரண்டாவது கால் படியில் ஏறாமல் நீ வண்டியை நகர்த்தியதே இல்லை. நேரமாகிறது என்று நான் கத்தினாலும் கேட்கமாட்டாய். அந்த மனுஷனுக்குத்தான் எழுதுகிறேன்.

நீயே டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிடு. அதுதான் மரியாதை. சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். வராவிட்டால் நான் சொல்வேன். உன்னோடு இருக்கட்டும் என்று நீ எழுதினாய், சரி என்று நான் எழுதவில்லை.

உன்
விசில்


மார்ச் 15

உனக்கு,

சனிக்கிழமை இரவு நீ போன் செய்தாயாம். இருமி இருமிச் சொன்னாயாம். டாக்டர் அம்மா சொன்னார்.

விடியற்காலையில் இருநூறு மைல் அவர் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு போனேன் என்று நினைக்காதே. காலையில் கீழே இறங்கி வந்து, "சார், இன்னைக்கு என் கார்லயே போயிடலாம்" என்றார். ஏதோ மரியாதை என்று நினைத்து ஏறிக்கொண்டேன். என் காரை அவருடைய ஆள் ஓட்டி வருவதாகப் பேச்சு. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, என் கார் வரவே இல்லை. வாசலில் ஒட்டியிருந்த பட்டியலில் என் பெயரை அடித்திருந்தார்கள். ஓரமாகக் கூட்டிப்போய், "எனக்குத் தெரியும் சார்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

தன் காரில் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள், அந்த மேட்டில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று கெஞ்சினார். மாட்டேன் என்றேன். நாள் முழுக்கக் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து டிராக் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஒவ்வொரு கார் மேட்டில் ஏறும்போதும் சத்தம் கொஞ்சம் மாறுகிறது.

என் சர்வீஸில் என்னைச் சீட்டிலிருந்து இறக்கியவர் யாரும் கிடையாது. நீ இறக்கினாய். நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும். சரியைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் உன்னை அதற்காக வைத்திருக்கவில்லை.

இனிமேல் எழுதாதே.


ஏப்ரல் 4

அன்பு ஸ்டியரிங்குக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை தபால்காரர் போகும் வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் ஒரு வரி வரவில்லை. சனிக்கிழமை இரவு வரை போனைத் தொடவில்லை. அவசரத்துக்கு என்று நீ முன்பு எழுதித் தந்த டாக்டர் அம்மாவின் நம்பரை அழுத்துவதற்குள் எனக்கு வியர்த்து ஊற்றிவிட்டது. உனக்கு நான் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்தேதான் செய்தேன். வேறு வழி இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

அவர் காரில் ஏறிப் போயிருக்கலாமே, மூடா. வானத்துக்கு நீ ஓட்டினால் என்ன, அவர் ஓட்டினால் என்ன? இல்லை, தெரியும். உனக்கு வித்தியாசம் உண்டு. அதுதான் வலிக்கிறது.

ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

உன்
விசில்


நவம்பர் 21

அன்பு ஸ்டியரிங்குக்கு,

இதோடு ஐந்தாவது கடிதம். எதற்கும் பதில் இல்லை.

நேற்று டாக்டர் அம்மாவிடம் பேசினேன். வலது கண்ணும் பெரும்பாலும் போய்விட்டது, எழுத்துப் படிக்க முடிவதில்லை என்றார். என் கடிதங்கள் உன் கட்டில் பக்கத்தில் பிரிக்காமல் கிடக்கின்றனவாம். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறாயாம். ஆகவே இதையும் நீ படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதாமல் என் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

உன்னைப் பார்க்க வருவதற்கு இரண்டு முறை பெட்டி கட்டினேன். என் மூச்சு பஸ் நிலையம் வரைகூட வரவில்லை. மகள் திரும்பக் கூட்டிவந்துவிட்டாள். நாம் இனி பார்த்துக்கொள்ள மாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போது எழுத்து கோணுகிறது, உனக்கென்ன தெரியப் போகிறது.

போனை வைக்கும் முன் டாக்டர் அம்மாவிடம், "என்னைப் பத்தி ஏதாவது சொல்றானாம்மா?" என்று கேட்டேன். "உங்க பேச்சை அவரே எடுத்துத் திட்டுறாருங்க" என்றார். "எப்பவாவதா?" என்றேன். "தினமும்" என்றார். பின்னால் அவருடைய பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் என்று சொல்லி அவர்களை அதட்டிவிட்டு வந்தார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு நேற்று நன்றாகச் சாப்பிட்டேன். திட்டுடா. நூறு வயது வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே இரு.

உன்
விசில்