எட்டுக்கு வைக்காத மான்கறி

இன்று காலை பத்து நாற்பத்திரண்டுக்கு வேட்டைக்காரர் ஹைனர் அழைத்தார். "நெகட்டிவ்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மானுக்கு அந்த நோய் இல்லை. உம்முடைய மானுக்கு. அதை எனக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

போனை வைத்துவிட்டு பிறீசரின் கீழ்த் தட்டில் நீர் முன்பே வாங்கி வைத்திருந்த பையை எடுத்துத் தொட்டியில் வைத்தேன். பையில் உம்முடைய எழுத்து: "மான், தோள், அக்காவோடை சமைக்க." உறைபனி படிந்திருந்ததால் "அக்கா" மட்டும்தான் முதலில் தெரிந்தது. இப்போது பனி உருகி, பையின் ஓரத்தால் சிவந்த தண்ணீர் சொட்டுகிறது. துருப்பிடித்த இரும்பின் மணம். அந்த மணத்துக்குள் இருந்துதான் உமக்கு இதை எழுதுகிறேன்.

கொலோனிலிருந்து இந்த மலைப்பக்கம் நாம் வீடு மாறி வந்த முதல் இலையுதிர் காலம் நினைவிருக்கும். ஹைனர் வீட்டு வேலியில் காட்டிறைச்சி விற்கும் பலகையைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னீர்.

"ஆட்டிறைச்சிக்குக் கொலோன் வரைக்கும் ஓடுறம். இஞ்சை வாசல்லை மான் தொங்குது. ஏனப்பா முழிக்கிறீங்கள், இறங்குங்கோ."

மானைத் தொங்கவிட்டு உரிக்கும் அவருடைய குளிர்க் கொட்டிலுக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. வாசலோடு நின்றுவிட்டேன். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்த உமக்கு எந்த உடம்பைப் பார்த்தும் கூச்சமில்லை. ஈரலைக் காட்டச் சொன்னீர், நுரையீரலைக் காட்டச் சொன்னீர். வேட்டைக்காரர்கள் எதைப் பார்த்து இது சாப்பிடலாம், இது கூடாது என்று தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டீர். உயிரோடு நிற்கும்போதே பாதி தெரிந்துவிடும் என்றார் ஹைனர்.

"ஓடாத மான் சுகமில்லாத மான். கண்டால் கிட்டப் போகாதை. எனக்குப் போன் எடு."

அவருடைய இலக்கத்தை அங்கேயே நின்று உம்முடைய போனில் பதிந்தீர்.

அடுத்த கிழமை அவருக்குக் கறி கொண்டுபோனோம். அவருடைய மொட்டைத் தலையில் வியர்வை துளிர்த்து மூக்கு நுனி வரைக்கும் வழிந்தது. "இந்தக் கறித்தூள் எந்தக் கிருமியையும் கொல்லும்" என்றார். "அப்ப இன்னும் ரெண்டு கரண்டி போடுறன், கன காலம் இருப்பீங்கள்" என்றீர் நீர். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலமும் நம் வீட்டில் மான்கறிதான். கறி ஆறுவதற்குள் நான் போனைப் பார்த்தால் அதைப் பறித்துக் கவிழ்த்து வைப்பீர். "சாப்பிடேக்கை அதை வையுங்கோ. இறைச்சிக்கு மரியாதை குடுங்கோ."

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பொலிசாரும் அந்த வான் வண்டியின் சாரதியும் சொன்னவைதான். நீர் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர். குளத்தடி வளைவில் பனிப்புகாருக்குள், நடு றோட்டில், ரே என்று இங்கே சொல்லும் அந்தச் சின்ன மான் நின்றது. நீர் மோதவில்லை. ஓரமாக நிறுத்தினீர். நான்கு விளக்குகளையும் மின்ன விட்டீர். ஹைனருக்குப் போன் எடுத்தீர். அவர் எடுக்கவில்லை. பிறகு, உம்முடைய ஆசனத்தின் பின்னால் நான் கொழுவிவிட்டிருந்த, றோட்டில் இறங்கினால் போடும் மஞ்சள் மேலங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினீர். அதைப் போடவில்லை. மானை விரட்ட வீசியிருக்கிறீர். எதிர்ப்பக்கத்தால் வளைவில் வந்த வான் உம்மையும் மானையும் மோதியது. அதன் சாரதி, ஏதோ மஞ்சளாக ஆடியது என்று மட்டும் சொன்னான். அவன் சின்னப் பையன். சொல்லும்போது கைகளை மேசைக்குக் கீழே வைத்திருந்தான்.

உடைந்து திரும்பி வரும் பம்புகளைத் திறந்து, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. "மனிசரையும் பம்பெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள்" என்று சிரிப்பீர். காரணம் இல்லாமல் உடைந்த பம்பை நான் இதுவரை கண்டதில்லை. ஆகவே எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் மானைப் பற்றி யோசித்தேன். விளக்கு வெளிச்சத்துக்கும் ஓடாமல், மனுசரைக் கண்டும் ஓடாமல் ஒரு மான் ஏன் நிற்கிறது? பொலிசார் சொல்லி அதை எடுத்துப் போனவர் ஹைனர். எலும்பும் தோலும்தான் என்றார். மான்களின் மூளையை மெல்ல அரிக்கும் அந்த நோயைப் பற்றி நான் வாசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். மெலியும், எச்சில் வடிக்கும், பயம் மறக்கும். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிகிறது, பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போல மடிக்கிறது. அது கிருமி இல்லை, உயிரே இல்லாதது. ஆகவே சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. உம்முடைய தூளாலும் ஒன்றும் செய்ய முடியாது. பார்வைக்குச் சுகமாக இருக்கும் மானுக்குள்ளும் நீண்ட காலம் கிடக்கலாம்.

நான் கொட்டிலுக்குப் போனபோது ஹைனரும் அவருடைய வேட்டைக் கூட்டாளி ஊவேயும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மான் ஒரு நீல விரிப்பில் கிடந்தது. நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சோதனைக்கு அனுப்பாதை" என்றார் ஊவே. "றோட்டிலை அடிபட்டது, குழி வெட்டித் தாட்டுப்போட்டு விடு. நோர்வேயிலை ஒரு மந்தையையே சுட்டு முடிச்சவங்கள். இஞ்சை கண்டால் எங்கடை காட்டையும் பூட்டுவாங்கள். பிறகு ஆர் எங்களிட்டை இறைச்சி வாங்குவான்?"

"இருந்தால் தெரியத்தானே வேணும்."

"இந்த நாட்டிலை இதுவரைக்கும் காணேல்லை. மனுசருக்கு வந்ததெண்டும் ஒருத்தரும் காட்டேல்லை."

"அப்ப ஏன் நேற்று உன்ரை பிறீசரிலை இருந்த மானை எனக்குத் தரப் பாத்தனி?"

"மனுசி சமைக்க மாட்டன் எண்டுட்டாள்."

நான் ஹைனரிடம் கேட்டேன். "நீங்கள் சாப்பிடுவீங்களோ?"

அவர் கத்தியைத் துடைத்து உறைக்குள் போட்டார். "நான் சாப்பிடுவன். எனக்கு அறுபத்தெட்டு. என்ரை பேத்தியின்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை போட மாட்டன்." பிறகு ஊவேயின் பக்கம் திரும்பினார். "அவ எனக்குப் போன் எடுத்தவ. அது கோட்டுக்குள்ளை கிடந்தது, எனக்குக் கேக்கேல்லை. இனி இந்த மானிலையும் ஒண்டும் தெரியாதமாதிரி இருக்க என்னாலை ஏலாது."

ஊவே குனிந்து மானின் பின்னங்கால்களைப் பிடித்தார். இருவரும் அதை வண்டியில் ஏற்றினார்கள். இப்போதெல்லாம் ஹைனர் இறைச்சி வெட்டும்போதும் போனைப் பலகையின் ஓரத்தில், இரத்தம் படாத இடத்தில், நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

பரிசோதனையின் மறுமொழி வருமுன் உம்முடைய எட்டு, எட்டாம் நாள் படையல், வந்துவிட்டது. உம்முடைய அக்கா வீட்டில் செய்தோம். மீன் பொரியல், றால், முட்டை என்று உமக்கு விருப்பமானதெல்லாம் வைத்தார்கள். அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, கதவை அரைவாசி சாத்திவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அவளுக்கு மான்கறி எண்டால் உயிர். வைக்காமல் விடுறதோ?"

வெளியிலிருந்து உம்முடைய மாமா சொன்னார்: "போனவளுக்கு இனி என்ன வருத்தம் வரப்போகுது? வையுங்கோ."

"நீங்கள் சும்மா இருங்கோ மாமா. படைச்சதைப் பிறகு என்ரை பிள்ளையளெல்லோ சாப்பிடுறது?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "போன வருசம் அவள் கொண்டந்த கறியை ரெண்டும் சட்டி வழிச்சுச் சாப்பிட்டதுகள். உங்களுக்கு இதுகள் விளங்கும். சொல்லுங்கோ தம்பி, ஏதும் வருமோ?"

மறுமொழி வரட்டும் அக்கா என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியைச் சமைத்து வைத்தார்கள். நீர் வந்து சாப்பிடவென்று கதவைச் சாத்திவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே நின்றபோது, உள்ளே நீர் அந்த ஆட்டுக்கறியைப் பார்த்து முகம் சுழிப்பது எனக்குத் தெரிந்தது. அது இன்றைக்கும் என்னை விடவில்லை.

இன்று ஹைனர் மூச்சு விட்டு முடித்ததும் மிச்சத்தைச் சொன்னார். நுரையீரல் நிறையப் புழு. காட்டில் சாதாரணமாக வருவது. தின்ன ஏலாமல், ஓட ஏலாமல், களைத்துப்போய் நின்றிருக்கிறது. நான் நன்றி சொன்னேன். ஒன்று உமக்கு மட்டும் சொல்கிறேன்: அந்த நோய் இருக்கவேண்டும் என்றுதான் நான் காத்திருந்தேன். புழுவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்காவை அழைத்துச் சொன்னேன். "பிள்ளையள் தப்பினதுகள்" என்று அழுதார். ஒரு மானின் மறுமொழி அந்த ஒரு மானுக்கு மட்டும்தான், அவர்கள் சாப்பிட்டது வேறு மான் என்று நான் சொல்லவில்லை. ஒரு பம்பைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் நல்லது என்று எழுத எனக்கு அனுமதியில்லை. ஆனாலும் அக்கா இன்றிரவு நித்திரை கொள்ளட்டும். அழுது முடிந்ததும் அவர் கேட்டார்.

"அப்ப அவள் ஏன் தம்பி இறங்கினவள்?"

"மான் நிண்டது அக்கா."

"காருக்குள்ளை இருந்து கோர்ன் அடிச்சிருக்கலாமே."

"ஓம்."

போனை வைத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினேன்.

இறைச்சி உருகிவிட்டது. வினாகிரியும் மஞ்சளும் போட்டுக் கழுவினேன். தூள் எவ்வளவு என்று நீர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. "கரண்டியை வையுங்கோ, கையாலை அள்ளிப் போடுங்கோ" என்பீர். உம்முடைய கை சின்னது. என் கையில் அரைவாசி அள்ளிப் போட்டேன். வீடு முழுக்க அந்த மணம் வந்துவிட்டது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். திரும்பினால் நீர் நிற்கப்போவதில்லை என்று தெரியும். இன்னும் கொஞ்சம் திரும்பாமல் இருக்கிறேன்.

வேலைக்கு இப்போதும் அந்த வளைவால்தான் போகிறேன். கால் தானாகப் பிறேக்குக்குப் போகிறது. அங்கே எதுவும் நிற்பதில்லை. உம்முடைய மஞ்சள் மேலங்கி என் ஆசனத்தின் பின்னால் தொங்குகிறது. நாம் இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டோம். அந்த இறைச்சியில் ஒன்றும் இருந்திருக்காது, ஹைனரும் அப்படித்தான் சொல்கிறார். இருந்திருந்தால், உம்மோடு சாப்பிட்டது என்னுள் இன்னும் இருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்குப் பயம் வர வேண்டும். வருவதில்லை.

கோப்பையில் சோறும் கறியும் போட்டு உம்முடைய படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே நடையில் இருக்கிறேன். கறி இன்னும் கொஞ்சம் அவிந்திருக்கலாம், பொறுத்துக்கொள்ளும். நீர் சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தை நான் சாப்பிடுவேன். அக்கா திரும்பவும் போன் எடுக்கிறார், ஹைனரும் எடுத்திருக்கிறார். நீர் சாப்பிடும் நேரம். போனை நிறுத்திவிட்டேன்.