தேயிலைச் செடியில் ஒரு கிறிஸ்துமஸ்

டிசம்பர் 3, 2000. ஞாயிறு. எமரால்டு

அத்தை வருகிறார்கள்.

அத்தை வருகிறார்கள்! இரண்டு தரம் எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது. இன்று ஊட்டிக்குப் போன என் வீட்டுக்காரர் சில்வஸ்டர், பஸ் ஸ்டாண்டில் தன் அம்மாவைப் பார்த்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மரியபுஷ்பம் அத்தை மகனிடம் நின்று பேசியது இதுதான் முதல் தடவை. கோயிலில் பாதிரியார் முன்னால் தாலி கட்டாமல், ரிஜிஸ்டர் ஆபீசில் போய் ஒரு இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டானே என்கிற கோபம். இவரும் லேசுப்பட்டவரா? "சுமலதா இல்லாம நான் காந்தல் ஊட்டுப் படி ஏற மாட்டேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டு, ஊட்டி காந்தலில் இருக்கிற அம்மா வீட்டைவிட்டு வந்துவிட்டார். அதோடு இரண்டு கிறிஸ்துமஸ் போயிற்று. இரண்டுக்கும் இந்த மனுஷன் புதுச் சட்டைகூடப் போடாமல், கோயில் மணி கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

இன்று அத்தை சொன்னார்களாம்: "இருவத்தினாலாந் தேதி வர்றேன். கிறிஸ்துமஸ் வந்த ஊடா, சும்மா ஊடான்னு என் கண்ணால பாக்கோணும். மத்ததெல்லாம் அப்பறம்."

பார்க்கட்டும்! கண் கூசப் பார்க்கட்டும்!

ஒரே ஒரு சிக்கல். கிறிஸ்துமஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கேக் ஒன்றுதான்.

டிசம்பர் 5

கடையில் நட்சத்திரம் பார்த்தேன். தொட்டேன், தூக்கினேன், விலையைக் கேட்டேன், இருந்த இடத்திலேயே வைத்தேன். கடைக்காரர் முறைத்தார். நானும் முறைத்தேன்.

இவர் வேலை செய்யும் டீ ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. தூளுக்கு விலை இல்லை, அதனால் பச்சை இலைக்கும் விலை இல்லை, அதனால் பறிப்பாரும் இல்லை. இந்த அழகில் வாங்கி ஜோடிக்கிற பேச்சே கிடையாது. செய்துவிட்டால் போகிறது. கை எதற்கு இருக்கிறது?

டிசம்பர் 7

கண்டுபிடித்துவிட்டேன்! தூள் அடைக்கிற காகித மூட்டைக்கு உள்பக்கம் முழுக்க ஈயத்தாள். பளபளப்பில் வெள்ளித் தகடு தோற்றுப்போகும். பேக்கிங்கில் கிழிந்துபோன மூட்டைகளைக் குப்பையில்தான் போடுகிறார்களாம். இவர், தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கரிடம் கேட்டுவிட்டு ஒரு கட்டு சுமந்துகொண்டு வந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 9

நட்சத்திரம் முடிந்தது. மூங்கில் சிம்பு சீவுகிறதும் கட்டுகிறதும் இவர் வேலை. ஐந்து முனையில் இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்கிறது. ஊசியால் குத்திக் குத்தி ஈயத்தாளில் ஓட்டை போட்டது என் வேலை. மைதா பசை காய்ச்சியதும் நான். அடி பிடிக்க விட்டதும் நான்தான், அதை எழுத வேண்டியதில்லை.

உள்ளே பல்பைப் போட்டதும் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். நான் கூவிய கூவலில் பக்கத்து வீட்டு சுப்பம்மாக்கா கரண்டியோடு ஓடி வந்தார். நட்சத்திரத்தை லேசாக ஆட்டினால் மடிப்பிலிருந்து டீத்தூள் கொட்டுகிறது. அக்கா உள்ளங்கையில் பிடித்து மோந்து பார்த்து, "ஏம்புள்ள, ஒரு டம்ளருக்கு ஆவும்போல இருக்குதே" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவு.

டிசம்பர் 12

கற்பூர மரத்துக்கு, அதுதான் யூகலிப்டஸ் மரத்துக்கு, கீழே ஒரு மடி நிறையக் காய் பொறுக்கினேன். ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் மாதிரி. சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து நூலில் கோத்தாயிற்று. வீடே தைலம் மணக்கிறது. இனி அத்தைக்குச் சளி பிடிக்காது.

டிசம்பர் 14

மரத்தடியில் வைக்கிற இயேசு பிறந்த குடிலுக்குப் பொம்மை. தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் பிசைந்து நானே பிடித்தேன். மாதா, சூசையப்பர், குழந்தை, மூன்று ராஜாக்கள், இரண்டு ஆடு, ஒரு ஒட்டகம். ஒட்டகத்தை நான் எங்கே கண்டேன்? கேலண்டர் படத்தைப் பார்த்துச் செய்தது.

இந்தப் பனியில் மண் காயவே காயாது. இவர் எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கி ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், ட்ரையர் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். எல்லோரும் பத்திரம். ஒட்டகத்துக்கு மட்டும் கழுத்து போய்விட்டது. அடுப்புக்காரர் பார்த்துவிட்டு, "காட்டெருமை நல்லா வந்திருக்குது" என்றாராம்.

இருக்கட்டும். அந்தக் குழந்தை எமரால்டில் பிறந்திருந்தால் காட்டெருமைதானே முதலில் வந்து எட்டிப் பார்த்திருக்கும்?

டிசம்பர் 17. ஞாயிறு

ஐயோ.

பொம்மைகளுக்கெல்லாம் வர்ணம் தீட்டி முடித்தேன். மாதாவுக்கு நீல முக்காடு, கண், மூக்கு, வாய். அவ்வளவு அம்சமாக முகம் வந்துவிட்டது, எனக்கே பெருமை. இவர் கையில் எடுத்துப் பார்த்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுமா, மாதாவுக்குப் பொட்டு வெச்சிருக்கறே."

வைத்திருக்கிறேன்! செக்கச்செவேலென்று, நட்ட நடுவில். நான் வைத்த நினைவே இல்லை. ஸ்லேட்டில் பொம்மை போட்ட காலத்திலிருந்து, பெண் முகம் என்றால் கண் எழுதியதும் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். போயிருக்கிறது.

"காந்தல் கோயில்ல எந்த மாதாவுக்கும் பொட்டு இல்ல. அம்மா ஒடனே பாத்துரும்" என்றார். இந்துப் பெண் வீட்டுக்கு வந்து மாதாவையே மாற்றிவிட்டாள் என்று பெயர் வருமே! உடனே துணியை எடுத்தேன். அழிக்கப் போனேன்.

கை வரவில்லை.

பொட்டை எப்படி அழிப்பது? பக்கத்திலேயே சூசையப்பர் கோலை ஊன்றிக்கொண்டு திடகாத்திரமாக நிற்கிறார். புருஷனை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் பொட்டை அழிப்பார்களா? அதுவும் பிள்ளை பெற்ற வீட்டில்? சுப்பம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன். "வெளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சு பேசறே! கீழ போடு அந்தத் துணிய!" என்று அதட்டினார்.

இவரையே அழிக்கச் சொன்னேன். வாங்கினார், கொஞ்ச நேரம் வைத்திருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேண்டாம், இருக்கட்டும்."

டிசம்பர் 19

நட்சத்திரத்தின் ஒரு முனையை எலி தின்றுவிட்டது. மைதா பசை அவ்வளவு ருசியாம். மறுபடி ஒட்டியாயிற்று, இந்தத் தடவை வேப்பெண்ணெய் கலந்து.

டிசம்பர் 22

மரம் கிடைத்தது. சவுக்கு, சைப்ரஸ் எதையும் வெட்ட முடியாது, ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். மேட்டுத் தோட்டத்து ராசண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் தோட்டத்தில் இலை பறித்து ஒரு வருடம் ஆகிறது. தேயிலைச் செடியெல்லாம் என் தலைக்கு மேலே போய்விட்டது. உச்சி வரைக்கும் பூ. வெள்ளையாக, நடுவில் மஞ்சளாக. தேயிலை இப்படிப் பூக்கும் என்று அன்றாடம் அதைப் பார்க்கிற எனக்கே தெரியாது!

"இதுல ஒண்ணு தர்றீங்களாண்ணே? கிறிஸ்துமஸ் மரம் வைக்கோணும்" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கப்பா இருந்த வரைக்கும் இதை இடுப்புக்கு மேல விட்டதில்லம்மா. பறிக்கற கூலிக்குக்கூட இலை வித்து வரல. என் காலத்துல மரமாப் போச்சு." அவரே கத்தியை எடுத்து, எல்லாவற்றிலும் அழகான செடியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். "யாருக்காவது சந்தோசத்துக்கு ஆகட்டும்."

செடியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். வீட்டுக்கு வந்து தகரத்தில் மண் போட்டு நட்டு, காய்மாலையைச் சுற்றி, ஈயத்தாள் சரம் தொங்கவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. என்ன அழகு! ராசண்ணனை நாளைக்கே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.

டிசம்பர் 24. காலை

வீட்டை நாலு தரம் பெருக்கிவிட்டேன். பொட்டு அப்படியேதான் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க நல்ல வார்த்தையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 25. கிறிஸ்துமஸ்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

அத்தை மத்தியான பஸ்ஸில் வந்தார்கள். என்னிடம் பேசவில்லை. வாசலில் நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே வந்து மரத்தடியில் நின்று, ஒரு பூவை இழுத்து மோந்தார்கள்.

"இதென்ன மரம்?"

"தேயிலைங்க அத்தை."

"தேயிலையா? இத்தனை ஒசரமா?"

அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குடிலுக்கு முன்னால் குனிந்தார்கள். குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"மாதாவுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

மனப்பாடம் செய்த ஒரு வார்த்தையாவது வர வேண்டுமே! என் வாயில் வந்தது இதுதான்: "நாந்தானுங்க. கைப் பழக்கத்துல வெச்சுட்டேனுங்க. அழிக்கலாம்னுதான் பாத்தேன். சூசையப்பரு பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் நிக்கறாரு... எப்படீங்க அத்தை அழிக்கறது?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார்கள் என்றே நினைத்தேன். சிரிப்பு! கட்டிலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து, புரையேறும் வரைக்கும் சிரிப்பு. நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"உன்ற மாமனாரு போன அன்னைக்கு, என் பொட்ட நானேதான் அழிச்சேன். ஒருத்தருக்கும் கை வரல." டம்ளரை என் கையில் கொடுத்தார்கள். "இருக்கட்டும் புள்ள. சூசையப்பரு நல்லா இருக்கட்டும்."

உன்ற மாமனார்! எனக்கு மாமனார்!

பிறகு மறுபடி குனிந்து, "இந்த மாடு ஏன் இப்படி இருக்குது?" என்றார்கள். ஒட்டகம் என்று சொன்னேன். இன்னொரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருந்தது.

ராத்திரிப் பூசைக்கு மூன்று பேரும் போனோம். நான் நடுவில்.

ஜனவரி 7, 2001. காந்தல்

ஃபேக்டரியைப் பொங்கல் வரைக்கும் மூடிவிட்டார்கள். அதற்கு அப்புறம் திறப்பார்களா, யாருக்கும் தெரியவில்லை. "அங்க குளிர்ல உக்காந்து என்ன பண்றீங்க, இங்க வாங்க" என்று அத்தை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். நேற்று வந்தோம்.

இன்று காலை நன்றாகத் திட்டு வாங்கினேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பொங்கி வழிந்து, அடுப்பு மேடையெல்லாம் பால். "ஏம்புள்ள, பால வெச்சுட்டுப் பராக்குப் பாக்கறவ! இந்த ஊட்டு மருமவ இப்படி இருந்தா எப்படி வெளங்கும்? நாலு ஊட்டுக்குக் கேக்கட்டும்னுதான் கத்தறேன்!"

நாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும், 'இந்த ஊட்டு மருமவ' என்று! இதோ, இன்னும் கூப்பிடுகிறார்கள். அடுப்பைத் துடைத்துவிட்டு வருகிறேன்.