8h30 என்று எழுதியவர்

12 ஆகஸ்ட் 2009, புதன்

எங்கள் வாடிக்கையாளர்களைப் பற்றி இணையத்தில் யார் என்ன எழுதினாலும் தேடிப் படித்து அறிக்கை தருவதுதான் என் வேலை. போன வாரம் ஒருவர் பெயர் போடாமல் தன் வலைப்பதிவில், ஒரு தொழிற்சாலை கழிவை ஆற்றில் கொட்டுவதாக எழுதியிருந்தார். லாரி வந்த நேரத்தை "8h30" என்று குறித்திருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள்தான் இங்கே மணியை அப்படி எழுதுவார்கள். பெரிய கெட்டிக்காரி மாதிரி அதையும் அறிக்கையில் சேர்த்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் அப்படிப் படித்தவர் ஒரே ஒருவர்தானாம்.

இன்று காலை அந்த வலைப்பதிவையே காணோம். அவருக்கு என்ன ஆயிற்று என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"அது நமக்கெதுக்கும்மா? உன்னால கிளையன்ட்டுக்கு ரொம்ப சந்தோஷம்," என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீயும் வேற பேர்ல பிளாக் எழுதுற போல. அரியாங்குப்பம் பாலத்துல பஸ் நின்னுபோனத நல்லா எழுதியிருக்க," என்றார்.

அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இதை நோட்டில்தான் எழுதுகிறேன். எழுதும்போதே, இதில் என்னைக் காட்டிக்கொடுக்கப்போவது எந்த வரி என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.