கிரேஸி போட்ட சால்வை

12.11.1978, ஞாயிறு
கோவிலிலிருந்து வந்ததும் அத்தை உத்தரவு போட்டார். கிரேஸியின் பிள்ளைக்கு டிசம்பர் கடைசி ஞாயிறு ஞானஸ்நானம். அதற்கு நான் சால்வை போட வேண்டுமாம். "ஸ்கூல் விட்டு வந்து சும்மாதானே இருக்க." நாற்பது பரீட்சைத் தாள், ஐந்து பேர் சமையல் – இதற்குப் பெயர் சும்மா. நாத்தனார் கிரேஸி பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம். ஒரு தரம்கூட அண்ணி என்று கூப்பிட்டதில்லை. "இந்தாங்க"தான்.

ஆனாலும் குரோஷா ஊசியைத் தேடி எடுத்தேன். பிள்ளை என்ன செய்தது?

15.11
பில்கிஸ் டீச்சர் இடைவேளையில் குமிழ் டிசைன் காட்டினாள். ஒரே கண்ணில் ஐந்து தரம் நூலை இழுத்து, ஐந்தையும் சேர்த்து முடிந்தால் ஒரு குமிழ்.

24.11
விரல் காய்த்துவிட்டது. அழகாகத்தான் வருகிறது. நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

2.12, சனி
கிரேஸியின் மாமியார் ஜெயபுஷ்பம் காட்பாடியிலிருந்து வந்தார். ரிக்‌ஷா நின்றதுமே அத்தை என் கையிலிருந்த சால்வையைப் பிடுங்கி, ஊசியோடு கிரேஸி மடியில் வைத்தார். என்னைக் காபி போட அனுப்பிவிட்டு, "எங்க கிரேஸி எப்படிப் போடுறா பாருங்க" என்றார். குழம்பு துழாவுகிற மாதிரி ஊசியைப் பிடித்துக்கொண்டு அவள் தலையைக் குனிந்தாள். வெட்கமாம். வாயில்லையா அவளுக்கு? அண்ணி போட்டாங்கன்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?

ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "விடு கிருபை. யார் போட்டா இன்னா?" உங்க சம்பளத்தை உங்க தம்பி வாங்கிக்கிட்டா விடுவீங்களா என்றேன். பேப்பரை விரித்துக்கொண்டார்.

3.12
கோவிலிலும் பரப்பியாயிற்று. பாதிரியார் மனைவி ஐயரம்மா, "கிரேஸிக்குப் பொன்னான கை" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

9.12
குழந்தை அளவு வந்துவிட்டது. நிறுத்தவில்லை. நடுவில் தொடங்கி நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் போடுகிற சால்வை இது. முடிச்சுப் போடாதவரை வளரும்.

18.12
"இன்னா டீச்சர், குழந்தை அவ்ளோ பெருசா?" என்றாள் பில்கிஸ். குழந்தைக்கு இல்லை என்றேன். தன்னிடம் மீதியிருந்த வெள்ளை நூல்கண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அத்தை கேட்டால் ஓரம் பாக்கி என்கிறேன்.

31.12, ஞாயிறு
போர்த்திக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தேன். முழங்கை வரை வந்தது. அத்தை முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. பக்கத்தில் சம்பந்தி நின்றதால் வாய் திறக்க முடியவில்லை. பிள்ளையைக் கடைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

கோவில் படியில் ஜெயபுஷ்பம் குமிழ்களைத் தடவிப் பார்த்தார். "இது கிரேஸி போட்டதாச்சே. உனக்கா குடுத்துட்டா?"

கிரேஸி என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. உண்மை என் தொண்டை வரை வந்தது.

"ஆமாங்க, எனக்கே குடுத்துட்டா. பிள்ளைக்கு வேற போடுவா. காட்பாடி வந்து, உங்க பக்கத்துலயே உக்காந்து போடணும்னு ஆசையாம்."

ஜெயபுஷ்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நூல் தானே வாங்கி வைப்பதாகச் சொன்னார்.

4.1.1979
பதினைந்தாம் தேதி கிரேஸி காட்பாடி போகிறாள். காலையில் ஊசியும் கையுமாக என் அறை வாசலில் நின்றாள்.

"அண்ணி, இத எப்படிப் பிடிக்கணும்?"

சாயந்தரம் ஐந்து மணிக்கு வரச் சொன்னேன். ஐந்துக்கே வந்துவிட்டாள், வளையல் சத்தம் கேட்டது. ஐந்தேகாலுக்குக் கதவைத் திறந்தேன்.