நான் கழற்றிய வயர்கள்

ஆவணி, வெள்ளிக்கிழமை

அடிக்கடி வரும் மயக்கத்தின் காரணம் அறிய, இவருடைய இதயத்துடிப்பைப் பதியவென்று ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டி அனுப்பியிருந்த வயர்களை இன்று காலை நான்தான் கழற்றினேன். கோயிலில் ஆண்கள் மேற்சட்டையோடு நிற்க முடியாது. மகளைப் பார்க்க அங்கே வரும் மாப்பிள்ளை வீட்டார் வயரைக் கண்டால் வருத்தக்காரக் குடும்பம், நோய் பரம்பரையில் வரும் என்று விலகிவிடுவார்கள் என்று பயந்தேன். சாமியோடு கோயிலின் வெளிவீதியைச் சுற்றி வரும்போது இவர் மயங்கி விழுந்தார்.

“விழுந்த நேரம் ஒண்டும் பதிவாகேல்லை. இனி என்னெண்டு காரணத்தைக் கண்டுபிடிக்கிறது? ஆர் கழட்டினது?” என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்.



“நான்தான் டொக்டர். ஒட்டின இடமெல்லாம் சரியான கடி, சொறியாமல் இருக்கேலாமல் போச்சு,” என்றார் இவர்.

“சின்னப்பிள்ளையே ஐயா நீங்கள்?”

இவர் சிரித்தார். ஆண்கள் வார்டில் என்னை நிற்க விடவில்லை. நான் வீட்டுக்கு வெளிக்கிடும்போது, “நீர் போய்ச் சாப்பிட்டிட்டுப் படும், அழாதையும்,” என்றார். நாளை திரும்பவும் வயர் பூட்டுவார்களாம். அதுவரை அந்த நெஞ்சு தாங்க வேண்டும்.