ரெய்னர்ஸ் லேன் கணக்காளர் சொன்ன யோசனை

மார்ச் 4, செவ்வாய்
தூறல். குப்பை வாளி வெளியே வைத்தாயிற்று. இதெல்லாம் வரும் என்று நான் முதலே சொன்னவன். ஒருவரும் காதில் போடவில்லை.

தங்கச்சி மகள் நிரோஷி பிடிபட்டுவிட்டாள். வேலை நியூயோர்க் கம்பனியில். தாய்க்கு ஸ்ரோக் வந்து கை விழுந்த நாள் முதல் லண்டன் இல்ஃபோர்டில் தாயோடு இருந்து, குசினி மேசையில் லப்டொப்பை வைத்து அதே வேலை. ஒரு வருடமாக, கம்பனியில் கொடுத்த நியூயோர்க் முகவரியை மாற்றவில்லை. கம்பனிக்கு இப்போதுதான் தெரிந்தது.

வரிச் சங்கதி எனக்கு உடனே விளங்கியது. அங்கே மாநிலம் என்றால் தனி ராச்சியம். ‘உன் வசதிக்குத்தானே வெளியே இருந்தாய்’ என்று மாநிலமும் வரி எடுக்கும். இருந்த இடம் என்று லண்டனும் கேட்கும். இரட்டை வரி வேண்டாம் என்ற இரு நாட்டு ஒப்பந்தம் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாதாம். எந்த வக்கீலும் இவ்வளவு சுருக்கிச் சொல்லமாட்டான்.

“மாமா, அட்ரஸ் மாத்தாதை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”
“நான் எங்கை சொன்னனான்? ரெய்னர்ஸ் லேன் எக்கவுண்டன் எல்லோ சொன்னவர்.”

வாங்க: பால், தேசிக்காய், பிறஷர் குளிசை.

மார்ச் 5, விபூதிப் புதன்
மச்ச மாமிசம் இல்லை. நெற்றியில் சாம்பலோடு தங்கச்சி வீடு. கம்பனி முடிவு வந்திருக்கிறது: மாத முடிவுக்குள் நியூயோர்க் திரும்பு, இல்லையேல் வேலை இல்லை. வீட்டு வாடகை அந்தச் சம்பளத்தில்தான். தங்கச்சிக்கு வலக்கை எழும்பாது. நிரோஷி கஞ்சி பருக்கினாள்.

“என்னை ஹோமிலை விட்டிட்டுப் போ பிள்ளை.”
“விசர்க் கதை கதைக்காதேங்கோ அம்மா.”
“அண்ணை, அந்த மனிசன் பிழையாச் சொல்லுவாரே?”

பெரிய ஆள் என்றேன். மீன்கடைக்கு மேலே அவர் தொழில் செய்யும் கந்தோர், சுவர் முழுக்கச் சான்றிதழ், பொன் பேனா. முன்னர் ஒரு பேனா; இன்று இரண்டு என்று வாயில் வந்துவிட்டது. தங்கச்சி கோணல் வாயால் சிரித்தாள்.

மார்ச் 6, வியாழன்
வெயில், குளிர். பி.ப. 4, நிரோஷியின் போன் கோல். குரலில் உயிர்.

“மாமா, தொழில் தெரிஞ்ச ஆள் பிழையா வழிகாட்டினது எண்டு காட்டினால், கம்பனிக்காரர் என்னை லண்டனிலையே வைச்சிருக்க யோசிப்பினமாம். அவர் ஒரு கடிதம் தந்தால் காணும். வாங்கித் தர ஏலுமே?”
“ஏலாமல்? என்ரை சொல்லைத் தட்டமாட்டார்.”
“நாளைக்கு வேணும், மாமா. அம்மாவுக்கும் சொல்லிப்போட்டன்.”

மார்ச் 7, வெள்ளி
மழை. ரெய்னர்ஸ் லேன் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது. மீன்கடை இருக்கிறது. மேலே யாரோ குடியிருக்கிறார்கள். ஜன்னலில் பிள்ளைச் சட்டை காய்கிறது. அரைக் கிலோ பாரை வாங்கி வந்தேன். நிரோஷி மூன்று தரம் போன் அடித்தாள். எடுக்கவில்லை.

போன வருடம் ஒரு நாள் அந்தக் கடையில் மீன் வெட்டக் காத்து நின்றபோது, முன்னால் நின்ற இரண்டு பேர் முகவரி, வரி பற்றிக் கதைத்தார்கள். அரைவாசிதான் காதில் விழுந்தது. மிச்சம் நான் சேர்த்தது. கந்தோர், சான்றிதழ், பேனா. ஆளும்.